போணிக்கு முன்னால்

ஹனூர் வழி,
12 நவம்பர் 1995

அன்புள்ள மாமாவுக்கு, சுசித்ரா எழுதுவது.

நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் மழையோடு வந்தது, மழை போன பிறகும் இங்கேயே தங்கிவிட்டது. அத்தைக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? தீபாவளிக்கு நீங்கள் அனுப்பிய சேலை அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. "எங்கண்ணனுக்குச் சாக்கு மட்டுந்தான் பாத்து எடுக்கத் தெரியும்னு நெனச்சேன்" என்று எழுதச் சொன்னாள்.

ஒரு காரியமாக எழுதுகிறேன். போன மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி உயிரை விட்டது உங்களுக்குத் தெரியும். நான் அறிவியல் நடத்திய பெண். காலை ஒன்பது மணி பஸ்ஸில் பேப்பர் வந்தது. டீக்கடை வாசலில் ஊரே கூடி நம்பர் பார்த்தது. தன் நம்பர் இல்லை என்று தெரிந்ததும் அவள் கூட்டத்தை விட்டு விலகி வீட்டுக்கு நடந்தாள். கூட நடக்க ஓர் ஆள் இல்லை. அதற்கப்புறம் அவளை நாங்கள் உயிரோடு பார்க்கவில்லை.

இந்த வருஷம் நானும் ஆஸ்பத்திரி நர்ஸ் சொர்ணலதாவும் ஹெட்மாஸ்டர் நஞ்சுண்டசாமி சாரிடம் பேசி ஓர் ஏற்பாடு தொடங்கியிருக்கிறோம். வகுப்பில் பிள்ளைகளிடம் பேசுகிறோம். சாயங்காலம் பெற்றோர் கூட்டம் போட்டோம், யாரும் சரியாக வரவில்லை. ஆனால் முக்கியமான வேலை ரிசல்ட் அன்றுதான். ஊருக்குப் பேப்பர் வருவதற்கு முன்பே, தவறிய பிள்ளைகளின் வீட்டில் எங்களில் ஒருவர் இருக்க வேண்டும். மைசூரில் பேப்பர் விடியும்போதே கிடைத்துவிடும். உங்கள் கடையில் போன் இருக்கிறது. இங்கே பஸ் நிறுத்தத்தில் எஸ்.டி.டி. பூத் இருக்கிறது. நம்பர்களைப் பார்த்து எனக்குச் சொல்வீர்களா, மாமா?

அத்தையை மாத்திரையை மறக்காமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சுசித்ரா

---

மாதேஸ்வரன் துணை

மண்டி மொஹல்லா, மைசூர்
26.11.95

அன்புள்ள அம்மணி சுசித்ராவுக்கு, மாமன் ஜடையன் ஆசீர்வாதம்.

இங்கே எல்லாரும் சுகம். அத்தைக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். அவள் டாக்டரிடம் சொல்கிற கணக்கு வேறு, வாயில் போடுகிற கணக்கு வேறு என்பது எனக்குத் தெரியும். உன் அம்மாவுக்கு எண்ணெய் அனுப்புகிறேன், தேய்க்கச் சொல்.

நீ கேட்டதற்கு ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். நான் ஐந்தாவதோடு நின்றவன். பழைய சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு இந்தச் சந்துகளில் கூவி விற்று மேலே வந்தவன். பரீட்சையில் தவறுவது ஒரு நட்டம், அவ்வளவுதான். நட்டம் பார்க்காத வியாபாரி எவன் இருக்கிறான்? அடுத்த சரக்கில் எடுத்துவிட வேண்டியதுதான். அதற்கு டீச்சரும் நர்சும் வாசலில் வந்து நிற்பதா? பிள்ளைகளைக் கண்ணாடிச் சாமான் மாதிரி ஆக்கிவிடுவீர்கள் போலிருக்கிறது.

இதை உன் அத்தையிடம் சொன்னேன். "உங்களுக்கென்ன, நீங்க தோத்தப்ப பாக்கறதுக்கு ஆரு இருந்தா? அந்தப் புள்ள தோத்ததை ஊரே நின்னு பாத்துருக்குது" என்றாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கை கழுவ எழுந்துவிட்டேன்.

ஒன்று மட்டும் என் தொழிலிலிருந்து சொல்கிறேன். வாங்குகிறவன் கடைக்கு வரட்டும் என்று நான் உட்கார்ந்திருந்தால் இன்றைக்கும் தோளில்தான் சாக்கு இருக்கும். களத்து மேட்டுக்கே போனேன். உங்கள் ஊரில் எல்லா வீட்டுப் பெண்களும் தினமும் நிற்கிற இடம் பால் டெய்ரி. காலையில் அங்கே போ. கூட்டம் போடாதே, கூட்டம் இருக்கிற இடத்தில் நின்று பேசு.

போன் விஷயம் யோசித்து எழுதுகிறேன்.

உன் மாமன்,
ஜடையன்

---

ஹனூர் வழி,
8 ஜனவரி 1996

அன்புள்ள மாமாவுக்கு, சுசித்ரா.

எண்ணெய் வந்தது. அம்மா இரண்டு நாள் தேய்த்துவிட்டு, வலி குறைந்ததா என்று கேட்டால் "வாசன நல்லாருக்குது" என்கிறாள். நீங்களும் அத்தையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். மைசூரில் குளிர் அதிகமாமே.

டெய்ரிக்குப் போனோம். நீங்கள் சொன்னது சரி. பால் ஊற்ற வரிசையில் நிற்கிறவர்கள் எங்கேயும் போக முடியாது, கேட்டுத்தான் ஆக வேண்டும். முதல் நாள் ஓர் அம்மா கேட்டாள்: "ஏனுங் டீச்சர், ஃபெயிலாகிட்டு வந்தா திட்டாமக் கொஞ்சோணுங்களா?"

சொர்ணலதா சொன்னாள்: "கொஞ்ச வேண்டாம். அன்னிக்கு ஒரு நாளைக்கு வாய மூடிட்டுச் சோறு போடுங்க. பக்கத்துலயே இருங்க. திட்டறதை அடுத்த வாரம் வெச்சுக்கலாம்."

"எங்கூட்டுக்காரரு ஒரு வாரம் தாங்க மாட்டாருங்," என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். சிரித்த பிறகுதான் பேச்சு வந்தது. வயலுக்கு அடிக்கிற மருந்தைப் பெட்டியில் பூட்டி வைக்க இப்போது பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

நட்டம் என்று எழுதியிருந்தீர்கள். வியாபாரியின் நட்டத்தை யாரும் பேப்பரில் போட்டு டீக்கடையில் படிப்பதில்லை, மாமா. பதினாறு வயசில் அடுத்த சரக்கு என்று ஒன்று உண்டு என்பதே தெரியாது. அதைத் தெரிவிக்க ஒரு நாள் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும். அந்த ஒரு நாளைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
சுசித்ரா

---

மாதேஸ்வரன் துணை

மண்டி மொஹல்லா, மைசூர்
3.2.96

அன்புள்ள அம்மணிக்கு, மாமன் எழுதுவது. சுகம், சுகமறிய ஆவல்.

சரி, செய்கிறேன். நம்பர்களை எழுதி அனுப்பு. காந்தி சதுக்கத்தில் பேப்பர் பிரிக்கிற ஏஜெண்ட் எனக்குப் பழக்கம், கட்டு அவிழ்க்கும்போதே ஒன்று வாங்கிவிடலாம். ஜடையன் ஒரு வேலையை ஒப்புக்கொண்டால் அது நடந்த மாதிரி என்று மண்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

உங்கள் ஊர்க் குப்புசாமி போன வாரம் ராகிக்குச் சாக்கு எடுக்க வந்தார். மகன் மாதேசனும் கூட வந்தான். உன் வகுப்பாமே. கெட்டிக்காரப் பையன். வந்த சற்று நேரத்தில் நல்ல சாக்கு எது, தைத்த சாக்கு எது என்று கையால் தடவியே பிரித்துவிட்டான். "படிப்பு எப்படிடா?" என்றேன்.

"கணக்குத்தான் பயமா இருக்குதுங்," என்றான்.

குப்புசாமி விடுவாரா? "பயம் இருக்கோணுமுங்க. ஃபெயிலாயிட்டு எங்கூட்டு வாசப்படிய மிதிக்கக்கூடாதுன்னு சொல்லிப்போட்டேன்."

"மிதிக்காட்டிப் போறான், இங்க வந்து தேவம்மாகூட உக்காந்து கோணி ஊசி புடிக்கட்டும்," என்றேன். கடையில் சாக்குத் தைக்கிற தேவம்மா தலையைத் தூக்கி, "பேடா ஸ்வாமி, வேண்டவே வேண்டாம், இந்த எடம் எனக்கே பத்தல," என்றாள். கடையே சிரித்தது. பையனும் சிரித்தான். போகும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். நல்ல வளர்ப்பு.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். எண்ணெய் இன்னும் வேண்டுமா என்று எழுது.

உன் மாமன்,
ஜடையன்

---

ஹனூர் வழி,
28 ஏப்ரல் 1996

அன்புள்ள மாமாவுக்கு, சுசித்ரா எழுதுவது. இங்கே சுகம். வெயில் மட்டும் கொல்கிறது. அத்தைக்குக் கண் பரிசோதனை செய்தீர்களா?

நம்பர்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பேப்பரில் பாஸான நம்பர் மட்டும்தான் வரும். எது இல்லையோ அதைத்தான் நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டும். பாஸான பிள்ளைகளுக்கு அவசரமில்லை, அவர்கள் எப்படியும் தெரிந்துகொள்வார்கள். பேப்பர் கையில் வந்ததும் கூப்பிடுங்கள். நான் விடியும் முன்பே பூத்தில் நிற்பேன். சொர்ணலதாவும் சாரும் சைக்கிளோடு தயாராக இருப்பார்கள்.

மாதேசன் சிரித்ததை எழுதியிருந்தீர்கள். அவன் எல்லாவற்றுக்கும் சிரிக்கிறவன், அதனால்தான் எனக்குப் பயம். கணக்குப் பரீட்சை முடிந்து வெளியே வந்தவனிடம் எப்படி எழுதினாய் என்றேன். "வாசப்படிக்கு எத்தன அடி தள்ளி நிக்கோணும்னு அளந்து வெச்சுட்டேனுங் டீச்சர்," என்று சிரித்தான்.

குப்புசாமி அண்ணனிடம் போய்ப் பேசினேன். "மெரட்டுனாத்தானுங்க படிப்பான். நெசமா தொரத்திப்போடுவனா?" என்றார். "அதை அவனிடம் சொல்லுங்கள்," என்றேன். "இப்பச் சொன்னா எளக்காரமாயிருமுங்க. ரிசல்ட்டு வரட்டும், சொல்றேன்," என்றார்.

அவர்கள் வீடு ஊருக்கு வெளியே, தோட்டத்தில். மாதேசன் நம்பர் இல்லையென்றால் முதலில் அங்கேதான் போவேன். அந்த நம்பருக்குக் கீழே கோடு போட்டிருக்கிறேன்.

உங்களை நம்பியிருக்கும்,
சுசித்ரா

---

மாதேஸ்வரன் துணை

மண்டி மொஹல்லா, மைசூர்
17.5.96, வெள்ளிக்கிழமை

அன்புள்ள அம்மணிக்கு, மாமன் எழுதுவது. எல்லாரும் சுகம். அத்தைக்குக் கண்ணில் ஒன்றும் இல்லையாம், கண்ணாடி மட்டும் மாற்றச் சொன்னார்கள்.

காலையில் போனில் நீ "சரி மாமா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாய். ஓட வேண்டிய அவசரம் என்று நினைத்துக்கொண்டேன். அதனால் சொல்ல நினைத்ததை எழுதிவிடுகிறேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். இருட்டிலேயே எழுந்து சதுக்கத்துக்குப் போய்ப் பேப்பர் வாங்கினேன். கடை விளக்கடியில் உட்கார்ந்து நானும் அத்தையும் நம்பர் நம்பராகப் பார்த்தோம். கோடு போட்ட நம்பர் இல்லை என்று தெரிந்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. அந்தப் பையன் முகம் வந்து நின்றது.

உடனே கூப்பிடத்தான் போன் பக்கம் போனேன். ஆனால் இன்றைக்கு அமாவாசை, அதிலும் வெள்ளி. பூசணிக்காய் உடைத்து, கல்லாவுக்கு மாலை போட்டுக் கடை திறக்கிற நாள். உனக்குத் தெரியுமோ என்னவோ, போணி ஆகாமல் அந்தக் கல்லாவில் உட்கார்ந்து நான் "இல்லை" என்ற வார்த்தையைச் சொன்னதே கிடையாது. சரக்கு தீர்ந்திருந்தால்கூட "வருதுங்க" என்றுதான் சொல்வேன். இத்தனை வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை. போணிக்கு முன்னால் போனை எடுத்து அந்த நம்பர் இல்லை, இந்த நம்பர் இல்லை, ஃபெயில், ஃபெயில் என்று எப்படிச் சொல்வது? முதல் வியாபாரி வரட்டும் என்று இருந்தேன். வந்தவன் நஞ்சன்கூட்டுத் தேங்காய் வியாபாரி. ஒவ்வொரு சாக்கையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பேரம் பேசி, ஒரு வழியாக எடுத்தான். அவன் படி இறங்கும் முன்னே போனை எடுத்துவிட்டேன்.

அப்போதும் உன் ஒன்பது மணி பஸ்ஸுக்கு நேரம் இருந்தது, பார்த்தாயா? மாமனிடம் கொடுத்த வேலை தப்பாது.

மாதேசனிடம் நான் சொன்னதாகச் சொல். அடுத்த தடவை எழுதலாம். அதுவரை சும்மா இருக்கப் பிடிக்காவிட்டால் மெய்யாகவே கடைக்கு வரட்டும், தைக்க அல்ல, சரக்குப் பிரிக்க.

உன் மாமன்,
ஜடையன்

---

ஹனூர் வழி,
18 மே 1996

மாமாவுக்கு,

மாதேசன் போய்விட்டான்.

நேற்று மாதேஸ்வரன் மலைக்குப் போகிற அமாவாசை ஸ்பெஷல் பஸ் மைசூரிலிருந்து ஏழு மணிக்கெல்லாம் வந்தது. அதில் வந்தவர்கள் கையில் பேப்பர் இருந்தது. டீ குடிக்க இறங்கியவர்களிடம் பையன்கள் வாங்கிப் பார்த்துவிட்டார்கள். நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் பூத்துக்குள் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். கூட்டத்தைப் பார்த்தபோதுகூட பஸ் கூட்டம் என்றுதான் நினைத்தேன். உங்களைக் கூப்பிட்டுப் பார்க்கலாமா என்று பல தடவை தோன்றியது. நான் கூப்பிடுகிற சமயத்தில் நீங்கள் கூப்பிட்டால் லைன் கிடைக்காதே என்று கூப்பிடவில்லை.

உங்கள் போன் வந்ததும் ஓடினேன். அவன் வீட்டுக்கு வந்து போயிருந்தான். அம்மா டெய்ரியில். அப்பா தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். மத்தியானம்தான் கிடைத்தான்.

மற்ற பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்கள். சொர்ணலதா இன்னும் வீடு திரும்பவில்லை, அந்த வீடுகளில்தான் இருக்கிறாள்.

ஏன் நேரமாகிவிட்டது, மாமா? பேப்பர் கிடைக்கவில்லையா? லைன் கிடைக்கவில்லையா? எனக்குத் தெரிய வேண்டும்.

சுசித்ரா

---

மண்டி மொஹல்லா, மைசூர்
14.7.96

அன்புள்ள சுசித்ராவுக்கு, மாமன் எழுதுவது.

இங்கே நாங்கள் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? அம்மாவின் கால் எப்படி? இதற்கு முன்பு இரண்டு கடிதம் போட்டேன். தபால்காரர் நம் சந்துக்கு வரும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன், அவர் சிரித்துவிட்டுப் போகிறார்.

மழை நன்றாகப் பெய்கிறது. சரக்கு நனையாமல் கட்டை மேல் ஏற்றி வைத்திருக்கிறேன். தேவம்மா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பிளாஸ்டிக் சாக்கு வந்துவிட்டது, இனி நம் சணலை யார் வாங்குவார்கள் என்று மண்டியில் பேசிக்கொள்கிறார்கள்.

இதையெல்லாம் சொல்வதற்காக இந்தக் கடிதத்தை எழுதவில்லை. என் பதினேழாம் தேதிக் கடிதமும் உன் பதினெட்டாம் தேதிக் கடிதமும் வழியில் ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கின்றன. ஏன் நேரமாகிவிட்டது என்று நீ கேட்டிருந்தாய். நீ கேட்பதற்கு முந்தின நாளே நான் பெருமையாக எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். லைன் கிடைக்கவில்லை என்று சொல்ல எனக்கு ஒரு வழியும் இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தேங்காய் வியாபாரி போன வாரம் மறுபடி வந்தான். "ஜடையண்ணா, உங்க கைராசி, அன்னிக்கு எடுத்த சாக்குல போன சரக்கு நல்லா வித்துச்சு," என்றான். உள்ளே எழுந்து போய்விட்டேன்.

குப்புசாமிக்குத் தெரியுமா? நீ சொன்னாயா? திட்டியாவது ஒரு வரி எழுது.

மாமன்,
ஜடையன்

---

ஹனூர் வழி,
9 ஆகஸ்ட் 1996

மாமாவுக்கு, சுசித்ரா.

அம்மாவும் நானும் இருக்கிறோம். அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மூன்று கடிதங்களும் வந்தன. பதினேழாம் தேதிக் கடிதத்தையும் படித்தேன். அதைப் பற்றி எழுதப் பல முறை உட்கார்ந்தேன். எழுதுவதற்கு ஒன்றும் இல்லை, எல்லாம் நீங்களே எழுதியிருந்தீர்கள்.

கோபம் உங்கள் மேல் மட்டும் இல்லை. மாதாமாதம் எங்கள் வாசல் வழியே போகிற பஸ் அது. ரிசல்ட் அமாவாசையில் விழுந்தது என்று தெரிந்தும் எனக்கு அந்த பஸ் நினைவுக்கு வரவில்லை. பேப்பர் வந்ததும் என்று எழுதினேனே தவிர, ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீர்கள் என்று எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை.

குப்புசாமி அண்ணனிடம் நான் சொல்லவில்லை. அது நான் சொல்ல வேண்டியது இல்லை.

தவறிய பிள்ளைகள் எல்லாரும் மறுபரீட்சை எழுதுகிறார்கள். அந்த ரிசல்ட்டை மைசூரில் சொர்ணலதாவின் தம்பி பார்த்துச் சொல்வான். நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

சுசித்ரா

---

மண்டி மொஹல்லா, மைசூர்
19.1.97

அன்புள்ள சுசித்ராவுக்கு, மாமன் எழுதுவது.

பொங்கலுக்கு உன் அம்மா அனுப்பிய அவரையும் எள்ளும் வந்தன. அத்தைக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல், இப்போது எழுந்துவிட்டாள். மறுபரீட்சை ரிசல்ட் அன்று எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று அம்மா எழுதச் சொல்லி அனுப்பியிருந்தாள். சொர்ணலதாவின் தம்பி பொறுப்பான பையன். நீ செய்தது சரிதான். வேலை தெரியாதவனிடம் நானும் இரண்டாம் தடவை வேலை கொடுப்பதில்லை.

முந்தாநாள் குப்புசாமி சாக்கு எடுக்க வந்தார். தனியாக. தேவம்மா அவரைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். உட்கார வைத்து டீ சொன்னேன். சாக்கைப் பார்க்கவே இல்லை அவர்.

"அன்னிக்கு நான் தோட்டத்துலதானுங்க இருந்தேன்," என்றார். "ஆராச்சும் ஓடியாந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா மம்பட்டியப் போட்டுட்டு வூட்டுல போயி உக்காந்திருப்பேன். அவங்கிட்டச் சொல்றதுக்குன்னு ஒண்ணு வெச்சிருந்தேன்."

"என்னங்க?" என்றேன்.

"நெசமா தொரத்த மாட்டேன்னு."

வாயைத் திறந்தேன், அம்மணி. சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தேன். "டீ ஆறிப்போச்சு, வேற சொல்றேன்," என்றுதான் வந்தது. அவர் அந்த ஆறின டீயையே குடித்துவிட்டு, சாக்கு எடுத்துக்கொண்டு போனார். அவர் மகன் அன்றைக்குப் பிரித்து வைத்த மாதிரி அவருக்குப் பிரிக்கத் தெரியவில்லை. நானே நல்லதாகப் பார்த்துக் கொடுத்தேன். அதைத்தான் என்னால் கொடுக்க முடிந்தது.

மாமன்,
ஜடையன்

---

ஹனூர் வழி,
20 ஏப்ரல் 1997

அன்புள்ள மாமாவுக்கு, சுசித்ரா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அத்தைக்குக் காய்ச்சல் திரும்ப வரவில்லையே? அம்மா உங்களை வந்து போகச் சொல்கிறாள்.

குப்புசாமி அண்ணன் மார்கழியிலிருந்தே எங்களோடு வருகிறார். நாங்கள் கூப்பிடவில்லை. ஒரு நாள் காலையில் பால் கேனோடு வரிசையில் நின்றவர், சொர்ணலதா பேசி முடித்ததும் பக்கத்தில் நின்ற ஆளிடம், "ஏனப்பா, உம்மவனை வூட்ட விட்டுத் தொரத்திருவேன்னு சொன்னியாமா? இன்னிக்கே போயி இல்லைன்னு சொல்லிப்போடு. ரிசல்ட்டு வரட்டும்னு இருக்காத," என்றார். நாங்கள் ஒரு வருஷமாகச் சொன்னதை விட அது அந்த வரிசைக்கு நன்றாகக் கேட்டது.

இந்த மாதம் ரிசல்ட் வேலையைப் பங்கு போட்டபோது, பூத்தில் போனைத் தானே எடுப்பதாகச் சொல்லிவிட்டார். சொர்ணலதாவின் தம்பிக்கு வேலை பெங்களூருக்கு மாறிவிட்டது. வேறு யாரைக் கேட்பது என்று யோசித்தோம். "ஜடையண்ணன் இருக்கறப்ப வேற ஆரு எதுக்கு? அவங்க கடையில எம்பையன் ஒரு நா உக்காந்திருக்கான்," என்றார்.

அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. முடியாது என்றாலும் எழுதிவிடுங்கள், தப்பாக நினைக்க மாட்டேன். முடியும் என்றால் நம்பர்கள் இத்துடன் இருக்கின்றன. இந்தத் தடவை எழுதிவிடுகிறேன்: ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீர்கள்.

அன்புடன்,
சுசித்ரா

---

மண்டி மொஹல்லா, மைசூர்
22.5.97

அன்புள்ள அம்மணி சுசித்ராவுக்கு, மாமன் எழுதுவது. அத்தை சுகம், நான் சுகம். உன் அம்மாவை அடுத்த மாதம் வந்து பார்க்கிறேன்.

சாயங்காலம் நீ போன் பண்ணி எல்லாப் பிள்ளைகளும் வீட்டில்தான் இருக்கிறார்கள் என்று சொன்ன பிறகுதான் இன்றைக்குச் சாப்பிட்டேன். தவறிய ஒரு பெண்ணின் அப்பா கையை ஓங்கியபோது குப்புசாமி குறுக்கே போய் உட்கார்ந்துகொண்டு, "எனக்குப் பசிக்குது, சோறு போடச் சொல்லு," என்றாராமே. நீ அதைச் சொல்லிச் சிரித்தாய். நீ சிரித்துக் கேட்டு ஒரு வருஷமாகிவிட்டது.

காலையில் குப்புசாமி நம்பர் கேட்காமல் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றதாகப் பூத்துக்காரர் சொன்னார், என்ன விஷயம் என்று கேட்டாயே. வெகுநேரம் இல்லை. ஆனால் பார்க்கிறவனுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும்.

கடைக்குப் போகவில்லை நான். சதுக்கத்தில் பேப்பர் வாங்கி, பக்கத்துப் பூத் திண்டில் வைத்தே நம்பர் பார்த்து, அங்கிருந்தே கூப்பிட்டேன். போன் முதல் மணி அடித்து முடியும் முன்னே குப்புசாமி எடுத்தார்.

"ஜடையண்ணா, குப்புசாமி பேசறேன். பேப்பரு வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சுங்க. பாத்துட்டேன்."

"இன்னும் நல்லா வெளுக்கக்கூட இல்லீங்ளே. இத்தன வெள்ளனத்துலயே அங்க வந்துருமுங்களா?"

"வந்துரும்," என்றேன்.

பின்னால் உங்கள் ஊரில் ஒரு சேவல் கூவியது கேட்டது. பிறகு கேட்டார்: "போன வருசமும் இந்நேரத்துக்கே வந்துருச்சுங்களா?"

"குப்புசாமி, அன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"வேண்டாங்ணா," என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. "நீங்க சொன்னா நான் நின்னு கேக்கோணும். இப்ப நிக்கறதுக்கு நேரமில்லீங்க. நம்பரச் சொல்லுங்க."

சொன்னேன். ஒவ்வொரு நம்பருக்கும் அவர் பிள்ளையின் பெயரைச் சொன்னார், என்னைச் சரிபார்க்கிற மாதிரி. கடைசி நம்பர் முடிந்ததும் வெளியே சைக்கிளோடு நின்றவர்களிடம் திரும்பி எதையோ சொன்னது கேட்டது. போனை வைத்துவிட்டார். நான் கையில் ரிசீவரோடு நின்றேன். பூத்துக்காரன் பில்லைக் கிழித்து முன்னால் நீட்டியபோதுதான் வைத்தேன்.

அவர் கேட்ட கேள்விக்குப் பதில், ஆமாம், இந்நேரத்துக்கே வந்தது. நீ அவரிடம் சொல்ல வேண்டாம். மறுபடி கேட்டால் நானே சொல்கிறேன். கேட்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

உன் மாமன்,
ஜடையன்